சத்தியக்கடதாசியின் ஆறாம் பந்தி

தோட்டத்துக்கு வரும் கடிதம் எதுவும் உரியவரின் வாசலுக்கு நேராக வந்து சேர்வதில்லை. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தின் அறைகளுக்கு இலக்கங்கள் உண்டு. ஆனால் அந்த இலக்கங்களை நம்பி எந்தத் தபால்காரரும் மலையேறுவதில்லை. பெயர், பிரிவு, தோட்டம் என மூன்று வரிகளில் முகவரி எழுதப்பட்ட கடிதங்கள் தலவாக்கலைத் தபாலகத்தில் சேர்ந்து, பூட்டுப் போட்ட ஒரு பைக்குள் அடங்கி, பத்தரை மணி பஸ்ஸில் மேலேறி, தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கரின் மேசைக்குப் போகும். அந்தப் பையைச் சுமப்பவர் சிவசாமி. பதிவுத் தபால் வந்திருந்தால், தபாலகத்துப் பதிவேட்டில் தோட்டத்தார் அத்தனை பேருக்குமாகக் கையெழுத்திடுபவரும் அவரே. பதினாறு ஆண்டுகளாக, கல்யாணப் பத்திரிகை முதல் வழக்குக் கட்டளை வரை, மூன்று பிரிவுச் சனங்களின் நல்லதும் கெட்டதும் அவருடைய ஒற்றைக் கையெழுத்தின் கீழ்தான் மலையேறின.

அவர் கீழ்ப் பிரிவில் பிறந்தவர். அங்கேயே பத்தாம் வகுப்பு வரை படித்து, அங்கேயே தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்து வேலைக்குப் போனார். நாற்பதாவது வயதில், உர மூட்டையோடு மழைநீர்க் கானுக்குள் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, ஒரு கால் சற்றுக் குட்டையாகித் திரும்பியபோது, மலையில் நிற்க முடியாதவருடைய பேரை வெட்டிவிடுவார்கள் என்றே எல்லாரும் நினைத்தனர். பேர் போனால் லயத்து அறைக்கும் உறுதி இல்லை. அந்த நேரத்தில் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய் வாதாடி, இந்தப் பை சுமக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். அதற்காகச் சிவசாமி அவரைத் தெய்வமாகக் கும்பிடவில்லை என்றாலும், அவர் எதிரே இன்று வரை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், மேல் பிரிவில் ஒருவரிடம், "ஒனக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்குப்பா" என்று சிவசாமி வழியில் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பை பிரிக்கப்படும் முன்பே காரியாலயத்துக்கு வந்து சத்தம் போட, துரை கோபித்துக்கொண்டார். அன்று முத்துலிங்கம் சிவசாமியைத் தனியே அழைத்து, "பையில இருக்கிறது வாயில வரக்கூடாது, விளங்குச்சா? இன்னொரு தடவ இப்புடி நடந்தா என்னால ஒன்னக் காப்பாத்த ஏலாது" என்றார். அன்று முதல் சிவசாமி யாருக்கு என்ன வந்தது என்பதை வாசிப்பார்; மறந்துபோனவர்போல நடந்துகொள்வார்.

மார்ச் மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, ஏழு பதிவுத் தபால்கள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்று நீளமான பழுப்பு உறை. மேலே 'அரச பணிக்காக' என்று அச்சிட்டிருந்தது. முகவரி, 'செல்வி நிலக்ஷி, கீழ்ப் பிரிவு.' சிவசாமியின் லயத்துக்கு அடுத்த லயத்துப் பெண். உயர்தரம் தேறி, பயிற்சி முடித்து, டவுனில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டே அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்கு ஐந்து ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தவள். முப்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். அவளுக்கு அந்த ஆனியில் முப்பத்தைந்து முடிகிறது. உறையைப் பார்த்ததும் சிவசாமிக்கு மனம் குளிர்ந்தது. பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். முத்துலிங்கம் பதிவுத் தபால்களை எடுத்து, வழக்கம்போலச் சனிக்கிழமை தம் கையாலேயே கொடுப்பதற்காக மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அன்று பின்னேரமே மகளுடைய கல்யாணத்துக்காகப் பதுளைக்குப் புறப்பட்டார். சாவியும் அவருடைய சட்டைப் பையில் பதுளைக்குப் போயிற்று.

அடுத்த நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் நிலக்ஷி வழக்கம்போலச் சிவசாமிக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் முன்பள்ளிக்குப் போவதும் அவர் தபாலகம் திறக்கும்வரை கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்பதும் நாள்தோறும் நடப்பவை.

"என்ன புள்ள, பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டார்.

"பின்ன, படத்துக்கா மாமா போறேன்?" என்று சிரித்தாள்.

சொல்லலாமா என்று நினைத்தார். கிளாக்கரையா சனிக்கிழமைக்குள் வந்துவிடுவார் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை முத்துலிங்கம் வரவில்லை. அடுத்த திங்களும் அதே பஸ். செவ்வாயும் அதே பஸ். அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் தேதி. கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டு விருந்துகளும் முடிந்து, முத்துலிங்கம் லாச்சியைத் திறந்தது இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை. நிலக்ஷி காரியாலயப் புத்தகத்தில் கையெழுத்திட்டு உறையைக் கிழித்தாள். நேர்முகத் தேர்வு மார்ச் பன்னிரண்டு, காலை ஒன்பது மணி என்று இருந்தது.

அவள் அழவில்லை. வெளியே பை துடைத்துக்கொண்டிருந்த சிவசாமியிடம் வந்து நின்றாள்.

"மாமா, இது எப்ப வந்திச்சு?"

"தெரியலையே புள்ள. தூக்கியாந்து வைக்கிறதோட என் வேல முடிஞ்சிச்சு. பேரெல்லாம் யாரு பாக்குறா?"

அந்தப் பொய் அவருடைய வாயிலிருந்து இலகுவாக வந்தது. அதுதான் அவரைப் பின்னால் வருத்தியது.

கடிதத்தை அனுப்பிய கல்வித் திணைக்களத்துக்கு அவள் திங்கட்கிழமை போனாள். அங்கிருந்த அதிகாரி கோபிக்கவில்லை. கணினியில் பார்த்து, கடிதம் நான்காம் தேதியே கையெழுத்திட்டுப் பெறப்பட்டிருக்கிறது என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அது தன் கையெழுத்து அல்ல என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அப்படியானால் அது தோட்டத்தோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்றும், பட்டியல் முடிந்துவிட்டது என்றும் பதில் வந்தது. தோட்டத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் எல்லாரும் முதலில் எங்கே போவார்களோ, அங்கேதான் அவளும் போனாள்: தொழிற்சங்கத் தலைவரிடம். அவர் கடிதத்தின் போட்டோப் பிரதியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மேலிடத்துல பேசுறேன். வருசப் பொறப்பு முடியட்டும்" என்றார். வருஷப் பிறப்பும் முடிந்தது. பேசினாரா இல்லையா என்பது இன்று வரை தெரியாது.

ஏப்ரல் பதினாறாம் தேதி, அவள் ஹட்டனில் சட்டத்தரணி நஸீராவைப் பார்க்கப் போனபோது, சிவசாமியையும் உடன் வரும்படி கேட்டாள். மறுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நஸீரா நாற்பது வயதுப் பெண்மணி. மேசையில் ஒரு நாட்காட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்கினார்.

"அடிப்படை உரிமை மனு எண்டா நேரா கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகணும். அரசியலமைப்புல நூற்றி இருபத்தாறாம் உறுப்புரை. உரிமை மீறப்பட்டு ஒரு மாசத்துக்குள்ள போகணும். நேர்முகம் பன்னிரண்டாம் தேதி. அப்ப போன வெள்ளிக்கிழமையே ஒங்க ஒரு மாசம் முடிஞ்சு போச்சு எண்டு அரசாங்கத் தரப்பு சொல்லும்."

"ஐயோ மெடம், நான் சும்மா இருக்கலையே. தலைவருகிட்டப் போனேன்."

"மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போயிருந்தா, அங்க விசாரணை நடக்குற நாளெல்லாம் அந்த ஒரு மாசத்துல சேராது. அதுக்குச் சட்டம் இருக்கு. தலைவருகிட்டப் போன நாளைக் கழிக்கச் சட்டம் இல்லயே தங்கச்சி."

நஸீரா நாட்காட்டியில் இருபத்து மூன்றைத் தொட்டார்.

"ஆனா ஒரு வழி இருக்கு. எண்பதுகள்ல ஒரு வழக்கு. நாவலப்பிட்டிக்கு பஸ்ஸில போய்க்கிட்டு இருந்த ஒரு மனுசனைப் பொலிஸ் எறக்கிக் கூட்டிட்டுப் போச்சு. 'நாங்க கைது பண்ணல்ல, விசாரிக்க வரச் சொன்னோம், அவ்வளவுதான்' எண்டாங்க. போக நெனச்ச எடத்துக்குப் போக விடாம மறிச்சா அதுவே கைதுதான் எண்டு நீதிமன்றம் சொல்லிச்சு. அதோட இன்னொண்டும் சொல்லிச்சு: அடைச்சு வச்சிருக்கிற ஆளுக்கு ஒரு மாசக் கணக்கு, அவருக்குத் தடை நீங்கின நாள்ல இருந்துதான். இல்லாட்டி அந்த உரிமைக்கே அர்த்தம் இல்ல. அதுக்குப் பொறகு வந்த தீர்ப்புகள்ல, மீறல் நடந்ததே தெரியாம இருந்த ஆளுக்கும், தெரிய வந்த நாள்ல இருந்து கணக்குப் பார்க்கலாம் எண்டு சொல்லியிருக்காங்க. சும்மா சொன்னாப் போதாது. தெரியாது எண்டதக் காட்டணும்."

சிவசாமி கேட்டார்: "அந்த பஸ்ஸில போனவரு இப்ப எங்க இருக்காருங்க?"

நஸீரா சற்று வியப்போடு பார்த்தார். "தெரியாது ஐயா. தீர்ப்பு மட்டுந்தான் எங்ககிட்ட இருக்கு."

விலங்கு இல்லை, கயிறு இல்லை. ஒரு சொல்லால் மறிக்கப்பட்ட மனிதர். சிவசாமிக்கு அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"தங்கச்சிக்கு இருபத்து மூன்றாம் தேதி வரைக்கும் கடிதம் வந்தது தெரியாது எண்டதுக்குச் சாட்சி, கடிதத்தக் கையெழுத்துப் போட்டு எடுத்த நீங்கதான். நான்காம் தேதி போட்ட ஒங்க கையெழுத்துத்தான் இவங்கள மாட்டி வச்சிருக்கு. அத அவிழ்க்கிறதுக்கும் ஒங்க கையெழுத்துத்தான் வேணும். சனிக்கிழமைக்குள்ள, நடந்தது இதுதான் எண்டு சத்தியம் பண்ணி ஒரு சத்தியக்கடதாசி தந்தா, ஞாயிறு நான் கொழும்புக்குப் போய்த் திங்கள் பதிவேன். வற்புறுத்த மாட்டேன். யோசிச்சு வாங்க."

ஹட்டனில் பேசியது தோட்டத்துக்கு எப்படி வந்ததோ, வியாழக்கிழமை பையை இறக்கி வைத்தபோது முத்துலிங்கம் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு வரிகள்.

"கொம்பனியில வெளக்கம் கேட்டிருக்காங்க, சிவசாமி. கடிதம் வந்த அன்னைக்கே நீ அந்தப் புள்ளகிட்ட வாய்ச்சொல்லாத் தகவல் சொன்னதா இதுல இருக்கு. ஒரு கையெழுத்து."

"நான் சொல்லலைங்களே ஐயா."

"எனக்குத் தெரியாதா? நீ சொல்ல மாட்ட. சொல்லக்கூடாதுன்னு சொன்னதே நாந்தான்." முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. பூட்டின சாவியோட பதுளைக்குப் போனது என் பெழதான். பெத்த புள்ள கல்யாணம்யா, மனுசனுக்கு மறதி வராதா? முப்பத்தஞ்சு வருசத்துக்கு இது ஒண்ணுதான் பேரா மிஞ்சணுமா?"

அவர் மிரட்டியிருந்தால் சிவசாமிக்கு இலகுவாக இருந்திருக்கும். கெஞ்சினார். அந்தக் குரலைக் கேட்கச் சகிக்காமல், "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று தாளை மடித்து வாங்கிக்கொண்டார். அதில் கையெழுத்திட்டால் நிலக்ஷி கடிதத்தைப் பற்றி நான்காம் தேதியே அறிந்தவளாவாள். உயர் நீதிமன்றத்தின் கதவு அவளுக்கு மூடிவிடும். கையெழுத்திடாவிட்டால், குட்டைக் காலோடு தமக்கு வேறு என்ன வேலை இந்தத் தோட்டத்தில் மிஞ்சும் என்று சிவசாமியால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த மனைவி நாகலெட்சுமி, அடுப்படியில் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒங்க கையெழுத்துக்கு இம்புட்டுக் கிராக்கியா? நம்ம கல்யாணப் பதிவு அன்னைக்கு ஒங்களத் தேடிப் புடிச்சுல்ல கூட்டியாந்தாங்க."

"வெளாடாத. பேரை வெட்டிப்புட்டா எங்க போறது?"

"எம் பேரு இருக்குல்ல? இன்னும் நாலு வருசம் நான் கொழுந்து எடுப்பேன். அதுக்குள்ள இந்த அறைய விட்டு எறக்கிருவாங்களாக்கும்?" என்றவள், அவருடைய முகத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள். "வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க."

இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவளிடம்கூட, அந்த உறையின் பெயரை வாசித்தேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த ஒற்றை அறையில் எங்கே திரும்பினாலும் சுவர்தான் முகத்தில் முட்டியது.

சனிக்கிழமை காலை சிவசாமியும் நிலக்ஷியும் நஸீராவின் அறையில் இருந்தார்கள். நஸீரா தட்டச்சிட்ட சத்தியக்கடதாசியைப் பந்தி பந்தியாக வாசித்தார். பெயர், வயது, தொழில்; தபாலகத்தில் கையெழுத்திட்ட முறை; பை, லாச்சி, சாவி. ஆறாம் பந்திக்கு வந்தார்.

"'மேற்படி கடிதம் எவருடைய பெயருக்கு வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. ஆகையால் மனுதாரருக்கு அதுபற்றித் தெரிவிக்கவில்லை.' போன முறை வந்தப்ப நான் கேட்டதுக்கு நீங்க சொன்னதுதான் ஐயா. சரிதானே?"

சிவசாமி நிலக்ஷியைப் பார்த்தார். பின்னர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"கவனிக்கலைன்னு இருந்தாப் போதுமாங்க?"

"கொஞ்சம் பலவீனந்தான். அரசாங்கத் தரப்பு கேட்கும்: நீங்க கவனிக்கல்ல, சரி. வேற யாராவது சொல்லியிருக்கலாமே? ஒங்க ஞாபகத்துல இல்லாம நீங்களே சொல்லியிருக்கலாமே? அப்புடி."

"அப்ப அத மாத்துங்கம்மா."

"எப்புடி?"

"நான் பாத்தேன்." அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "பேரைப் பாத்தேன். அரச பணின்னு போட்டிருந்ததையும் பாத்தேன். வேலைக் கடிதமாத்தான் இருக்கும்னு தெரியும். அஞ்சாந் தேதியில இருந்து பன்னெண்டாந் தேதி வரைக்கும் வேல நாள் அத்தனையும், இந்தப் புள்ளயோட ஒரே பஸ்ஸில போனேன். ஒரு நாளும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. அதுனால வேற யாருக்கும் தெரிய வழியில்ல. அப்புடி எழுதுங்க."

நஸீரா பேனாவை எடுத்தவர் எழுதாமல் வைத்திருந்தார். நிலக்ஷி சிவசாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாந் தேதி," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு மழை. நான் கொடை கொண்டாரல. பஸ்ஸில இருந்து எறங்குறப்ப, 'நனையாதடி புள்ள'ன்னு ஒங்க கொடையக் குடுத்தீங்க மாமா."

"ஆமா."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நஸீரா, "ஐயா, இத எழுதினா கடிதம் வந்தத நீங்க மறைச்சீங்க எண்டு தோட்டம் ஒங்களயே பிடிக்கும். தங்கச்சியும் நாளைக்கு ஒங்க மேல வழக்குப் போடலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதாங்க."

புதிய பக்கம் அச்சாகி வந்தது. எதிர்க் கட்டடத்தில் இருந்த சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னால், இந்து என்ற வகையில் பயபக்தியோடு உறுதியளித்து, சிவசாமி கையெழுத்திட்டார். தபாலகத்துப் பதிவேட்டில் ஒரே இழுப்பில் போடுகிற கையெழுத்து. அன்று ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்தது. ஆங்கிலத் தாள் மடித்தபடியே அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மாலையில் காரியாலயத்துக்குப் போய், அதைக் கையெழுத்தில்லாமல் முத்துலிங்கத்தின் மேசையில் வைத்தார். முத்துலிங்கம் தாளைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. "சரி, போ" என்றார்.

திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, மனு கொழும்பு புதுக்கடையில், உயர் நீதிமன்றத்தில் பதிவாயிற்று.

சிவசாமியின் பேரை வெட்டவில்லை. அது வழக்குக்குப் பழிவாங்கியதாகத் தெரியும் என்று கொம்பனிக்குச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். பதிலாக இரண்டு மாற்றங்கள் வந்தன. பதிவுத் தபாலைத் தோட்டம் இனிப் பொறுப்பெடுக்காது; உரியவர்களே டவுனுக்குப் போய்க் கையெழுத்திட்டு எடுக்க வேண்டும் என்று காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அறிவித்தார்கள். ஒரு கடிதத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டியிருந்த சனங்கள், தபாலகத்து வரிசையில் நின்று சிவசாமியைத்தான் ஏசினார்கள். "ஒழுங்கா நடந்துகிட்டு இருந்ததக் கெடுத்துப்புட்டான் மனுசன்" என்று கிணற்றடியில் ஒருத்தி நாகலெட்சுமி காதுபடவே சொன்னாள். பை வேறோர் ஆளின் கைக்குப் போக, சிவசாமி நாற்றுமேடைக்கு அனுப்பப்பட்டார். குந்தியிருந்து, சிறு பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி, தேயிலைத் துண்டு நட வேண்டும். மலையேறத் தேவையில்லை, ஆகவே அது இலகு வேலை. குந்தியிருக்க முடியாத இடுப்பு அது என்பதை எந்தத் தாளிலும் யாரும் எழுதியிருக்கவில்லை.

நிலக்ஷி அதே ஏழு மணி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வழியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனியில் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நாற்றுமேடையின் வேலியோரம் அவள் வந்து நின்றாள். கைபேசியில் அப்போதுதான் பேசி முடித்திருந்தாள் போலும். சிவசாமி மண் கையோடு எழுந்திருக்க முயன்றார், இடுப்பு விடவில்லை. குந்தியவாறே நிமிர்ந்து பார்த்தார்.

"நஸீரா மெடம் பேசினாங்க," என்றாள். "நாள் கடந்து போச்சு, தள்ளுபடி பண்ணுங்கன்னு அரசாங்கத் தரப்புல கேட்டாங்களாம். மெடம் ஆறாம் பந்தியச் சத்தமா வாசிச்சாங்களாம். மூணு நீதியரசரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். விசாரிக்க அனுமதி குடுத்துட்டாங்க."

"அப்ப வேல கெடைக்குமா புள்ள?"

"அது தெரியாது. விசாரணை வார வருசம் மாசியில. அதுக்குப் பொறகு தீர்ப்பு. வயசு கடந்தாலும் வேலையில போட்டுத்தான் ஆகணும்னு கட்டளை வரலாம். வராமயும் போகலாம்னு சொன்னாங்க."

"வரும்."

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் பந்தியை மூன்று நீதியரசர்கள் ஏற்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அந்த நிற்பில் தெரிந்தது.

"நீங்க தேவைப்பட்டா மறுபடி கடதாசி குடுக்கணுமாம். சொல்லச் சொன்னாங்க," என்றாள். மாமா என்ற சொல்லைச் சேர்க்காமலே போனாள்.

"குடுக்கிறேன்," என்றார் சிவசாமி. அவள் பாதையின் வளைவைத் தாண்டியிருந்தாள். மேற்பார்வைக்கு நின்றவர், "என்ன பெரியவரே, கோர்ட்டு இங்கயே நடக்குதா?" என்று தூரத்திலிருந்து கூப்பிட்டார். சிவசாமி அடுத்த பையை விரித்து மண்ணை அள்ளினார். மாசிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.